ரோமக் காசு ஆரணித் தறிக்கு வந்த வழி

ஆரணியில் பட்டு நூல் வாங்கப் போகிறவர் நூலின் பருமனைப் பற்றி நீட்டி முழக்குவதில்லை. ‘இருபது இருபத்திரண்டா?’ என்று ஒரு கேள்வி, ‘ஆமாம்’ என்று ஒரு பதில், அத்துடன் பேச்சு விலைக்குப் போய்விடும். கோரா என்னும் கச்சாப் பட்டுப் பொட்டலத்தின் சீட்டிலும் அதே எண்தான் இருக்கும்: 20/22 டெனியர். முறுக்கேற்றுபவர், சாயம் தோய்ப்பவர், பாவு ஓட்டுபவர், தறியில் உட்காருபவர் என்று நூல் எத்தனை கை மாறினாலும் அந்த எண்ணும் கூடவே போகும். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊர் ‘ஆரணிப் பட்டு’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அந்தப் பட்டின் இலேசான கனத்தையும் கைப்பதத்தையும் தீர்மானிப்பவற்றில் முதலாவது இந்த எண்.

டெனியர் என்பது நூலின் கனத்தைச் சொல்லும் அளவு. ஆனால் அது குறுக்களவு இல்லை. 20/22 பட்டு நூலின் குறுக்களவு ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர். கருவியின் இரு தாடைகளுக்கு நடுவே அதை வைத்து அழுத்தினால் நசுங்கும். நசுக்காமல் பார்த்தால் ஓரிடம் உருண்டை, ஓரிடம் தட்டை. இப்படிப்பட்ட ஒன்றைக் குறுக்கே அளப்பது வீண் வேலை. அதனால் பட்டு வணிகர்கள் வேறு வழி கண்டார்கள்: குறிப்பிட்ட நீளத்தைச் சுற்றி எடு, எடை போடு, எடை எவ்வளவோ அதுவே கனம். பள்ளி இயற்பியலில் ஓரலகு நீளத்தின் நிறை என்று படிக்கிறோமே, அதுதான் இது. 9,000 மீட்டர் நூல் 1 கிராம் இருந்தால் அது 1 டெனியர், 21 கிராம் இருந்தால் 21 டெனியர். ஒரு சேலைக்கு அரைக் கிலோ கோரா போகிறது என்று வைத்துக்கொண்டால், அதிலுள்ள ஒற்றை இழையின் நீளம் 210 கிலோமீட்டரைத் தாண்டும். ஆரணியிலிருந்து சென்னைக்குப் போய்ப் பாதி வழி திரும்பி வரலாம்.

அது ஏன் 9,000? ஆயிரம் என்றால் புரியும், பத்தாயிரம் என்றாலும் புரியும். இந்த விநோத எண்ணின் காரணத்தைத் தேடிப் போனால் பாரிஸின் பழைய தராசுக் கடைகளுக்கும், அங்கிருந்து ரோமுக்கும், ரோமிலிருந்து நம் கரூருக்கும் வெள்ளலூருக்கும் வந்து நிற்கவேண்டியிருக்கிறது.

கி.மு. 211 வாக்கில் ரோமில் டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு வெளிவந்தது. தொடக்கத்தில் நாலரை கிராம் இருந்தது, விரைவிலேயே நாலு கிராமுக்குச் சற்றுக் கீழே இறங்கி நின்றது. அந்தக் காசு தமிழகத்துக்கு மூட்டை மூட்டையாக வந்தது. கோவை, கரூர் வட்டாரத்தில் மண்ணுக்கடியில் கிடைத்த ரோமக் காசுக் குவியல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து டெனாரியஸ்களே மிகுதி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி, இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் ஆண்டுக்கு 10 கோடி செஸ்டர்ஸ்களைத் தம் நாட்டிலிருந்து உறிஞ்சிக்கொள்வதாக வருந்தி எழுதினார். டெனாரியஸ் கணக்கில் அது இரண்டரைக் கோடி.

அந்தப் பணத்துக்கு ஈடாகப் போனது மிளகு என்பது நமக்குத் தெரிந்த கதை. ஆனால் அதே நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதி வைத்த ‘செங்கடல் பெரிப்ளஸ்’ கையேட்டில், முசிறித் துறையிலிருந்து கப்பலேறும் சரக்குகளின் பட்டியலில் மிளகு, முத்து, தந்தம் ஆகியவற்றோடு சீனப் பட்டும் இருக்கிறது. சீனத்திலிருந்து வந்த பட்டு சேர நாட்டுத் துறைமுகத்தில் கைமாறி மேற்கே போயிருக்கிறது. பிற்காலத்தில் பட்டு நூலை அளக்கப்போகும் காசும் அந்தப் பட்டும், அளவைக்கு இன்னும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இருக்கும்போதே, சேர நாட்டுக் கடற்கரையில் ஒன்றையொன்று சந்தித்துவிட்டன.

கி.பி. 64இல் நீரோ டெனாரியஸின் எடையைக் குறைத்தார். ஒரு ரோம ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் 96 அடித்தார்கள். வெள்ளியின் சுத்தமும் குறைந்தது. நம் ஊர்க் குவியல்களில் நீரோவுக்கு முந்திய காசே பெரிதும் இருப்பதற்கு இங்குள்ள வணிகரின் எச்சரிக்கைதான் காரணம் என்று நாணய ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். இங்கே அவை காசாக இல்லை, எடை போட்டு வாங்கும் பொன்னாகவே புழங்கின என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவார்கள். முகத்தை நம்பாமல் தராசை நம்பிய அந்த வணிகர்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

காசு செத்தும் பெயர் சாகவில்லை. குப்தர்கள் தம் பொற்காசைத் தீனாரம் என்றார்கள். அரபுலகம் தினார் என்றது. பிராங்கு நாட்டில் 755 வாக்கில் குட்டைப் பெப்பின் என்ற அரசர் வெளியிட்ட வெள்ளிக் காசு டெனியர் ஆயிற்று. அவர் மகன் சார்லமேன் ஒரு ராத்தல் வெள்ளிக்கு 240 டெனியர் என்று வகுத்தார்: 12 டெனியர் ஒரு சூ, 20 சூ ஒரு லிவ்ர். இங்கிலாந்து அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டது. அதனால் 1971 வரை ஆங்கிலேயர் தம் பென்னியை ‘டி’ என்ற எழுத்தால், அதாவது டெனாரியஸின் முதலெழுத்தால், குறித்துவந்தார்கள். சென்னை மாகாணத்து நெசவாளர் கூலியை அணாவிலும் பையிலும் எழுதிய காலத்தில், லண்டன் துணி வியாபாரி தன் பேரேட்டில் ரோமக் காசின் எழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக் காசு எங்கெல்லாம் செல்லுமோ அங்கெல்லாம் அது கையோடு கிடைக்கும் எடைக்கல்லும் ஆகிவிடும். பாரிஸ் தராசில் டெனியர் ஓர் எடை ஆனது அப்படித்தான். ஒரு லிவ்ர் என்பது இரண்டு மார்க், ஒரு மார்க் எட்டு அவுன்சு, ஓர் அவுன்சு 24 டெனியர், ஒரு டெனியர் 24 கிரெய்ன். இன்றைய கணக்கில் டெனியர் 1.275 கிராம், கிரெய்ன் 0.053 கிராம், மார்க் சுமார் 245 கிராம். மார்க் என்ற பெயரை நினைவில் வைத்திருங்கள், அதற்கும் ஆரணியில் வேலை இருக்கிறது.

இதற்கிடையில் பட்டும் தன் வழியில் மேற்கே நடந்துகொண்டிருந்தது. 552 வாக்கில் இரு துறவிகள் பட்டுப்புழு முட்டைகளை ஒளித்துக் கான்ஸ்டான்டினோபிளுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு பட்டுத்தொழில் இத்தாலியில் வேரூன்றியது. பிரான்சின் லியோன் நகரில் அதைத் தொடங்க 1466இல் பதினோராம் லூயி முயன்றார், ஊர் ஏற்கவில்லை. 1536இல் முதலாம் பிரான்சுவா சலுகைகள் கொடுத்தபின்தான் அங்கே தறிகள் பெருகின.

லியோனுக்கு நூல் வந்தது இத்தாலியின் பியத்மோன் நாட்டிலிருந்து. அங்கே ஆற்று நீரில் ஓடும் முறுக்காலைகள் இருந்தன. ஒற்றை இழையை ஒரு பக்கமாக முறுக்கி, இரண்டு இழைகளைச் சேர்த்து, பிறகு எதிர்ப்பக்கமாக முறுக்கினால்தான் பாவுக்கு ஏற்ற நூல் கிடைக்கும். ஆரணியில் இன்றும் பாவு நூலுக்கு இப்படித்தான் முறுக்கேற்றுகிறார்கள். கனத்துக்கு எண் போதும், முறுக்குக்கோ எண்ணோடு திசையும் வேண்டும். ஒரே திசையில் இரண்டு முறை முறுக்கிய நூல் விட்ட இடத்தில் சுருண்டுகொள்ளும், எதிரெதிர்த் திசைகள் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும்போது அது அடங்கிக் கிடக்கும். இயந்திரத்தின் இந்த இரகசியத்தை பியத்மோன் கண்ணுங்கருத்துமாகக் காத்தது. ஜான் லோம்ப் என்ற ஆங்கிலேய இளைஞர் அங்கே போய்த் திருட்டுத்தனமாக வரைபடம் எடுத்துவந்ததாகச் சொல்வார்கள். 1721 வாக்கில் இங்கிலாந்தின் டார்பியில் அதே போன்ற ஆலை ஓடத் தொடங்கியது, அடுத்த ஆண்டே லோம்ப் இறந்தார். இத்தாலியர் அனுப்பிய ஒரு பெண் நஞ்சு வைத்தாள் என்ற வதந்தி இன்றுவரை ஓயவில்லை.

லியோன் வணிகருக்கு இரண்டு சிக்கல்கள். நூலின் கனத்தை எப்படிச் சொல்வது என்பது முதலாவது. அதுவரை பல ஊர்களில் கூடுகளை எண்ணித்தான் சொன்னார்கள்: நாலைந்து கூடு சேர்த்து இழுத்த நூல், எட்டுப் பத்துக் கூடு சேர்த்து இழுத்த நூல் என்று. கூட்டுக்குக் கூடு இழை மாறும் என்பதால் அது தோராயம்தான். லியோன்காரர்கள் நீளத்தையும் எடையையும் சேர்த்தார்கள். 9,600 ஓன் நீள நூல் எத்தனை டெனியர் எடை என்று பார்ப்பது முறை. ஓன் என்பது 1.188 மீட்டர் கொண்ட பாரிஸ் துணிக்கோல். ஆனால் ஒவ்வொரு முறையும் பதினோரு கிலோமீட்டர் நூலைச் சுற்ற யாருக்குப் பொறுமை? 9,600ஐ 24ஆல் வகுத்தால் 400, ஒரு டெனியருக்கு 24 கிரெய்ன். ஆக 400 ஓன் மட்டும் சுற்றி, டெனியருக்குப் பதில் கிரெய்னில் நிறுத்தாலும் அதே எண்தான் வரும். சோதனை செய்பவர்கள் அப்படியே செய்தார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. காசின் பெயர், காசைவிட 24 மடங்கு சிறிய எடையின்மேல் ஒட்டிக்கொண்டது இந்தச் சோம்பலால்தான். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த விபத்து இது.

1795இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு மீட்டரையும் கிராமையும் சட்டமாக்கியது. ஓன், கிரெய்ன், மார்க் எல்லாம் ஒழிந்தன என்று அறிவித்தார்கள். பட்டு வணிகர் அசையவில்லை. நூற்றாண்டு முழுவதும் லியோனில் ஒரு டெனியர், மிலானில் ஒரு டெனியர், டுரினில் ஒரு டெனியர் என்று சின்னச் சின்ன வேறுபாட்டோடு ஓடியது. 1870களில் வியன்னாவிலும் பிரஸ்ஸல்ஸிலும் டுரினிலும் நூல் எண்களுக்காகவே பன்னாட்டு மாநாடுகள் கூடின. 500 மீட்டர் நூல், 0.05 கிராம் அலகு என்ற அழகான திட்டம் முன்வந்தது. அதை ஏற்றிருந்தால் பழைய 20 டெனியர் நூல் ஏறத்தாழ 22 ஆகியிருக்கும், எல்லாப் பேரேட்டையும் திருத்தவேண்டி வந்திருக்கும். கடைசியில் 1900இல் பாரிஸ் மாநாடு ஏற்றது வேறு: எடை 0.05 கிராம், நீளம் 450 மீட்டர். பழைய 400 ஓனுக்கும் கிரெய்னுக்கும் உள்ள விகிதமும் இதுவும் நூறில் ஒரு பங்குகூட வேறுபடாது. மீட்டரும் கிராமும் வந்தன, வணிகரின் எண்கள் அப்படியே இருந்தன. 0.05 கிராமை 20ஆல் பெருக்கினால் 1 கிராம், 450 மீட்டரை 20ஆல் பெருக்கினால் 9,000 மீட்டர். அந்த விநோத எண் பிறந்தது இப்படித்தான்.

இன்று பட்டுச் சோதனைக் கூடத்தில் நூலின் கனத்தைப் பார்க்கும் சுற்றுச் சட்டத்தை அருகில் நின்று பாருங்கள். அதன் சுற்றளவு 1.125 மீட்டர். அதில் நூலை ஏற்றி 400 சுற்று சுற்றியதும் நிறுத்தி, அந்தச் சிறு கழியைக் கழற்றி நிறுப்பார்கள். 400 சுற்றுக்கு 450 மீட்டர். லியோனின் 400 கோல் நீளம் அந்தச் சுற்று எண்ணிக்கையில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் ஈரம். பட்டு தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீரைக் குடித்துக்கொண்டும் தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும். பொன் விலைக்கு விற்கும் பொருளில் இதைவிட ஏமாற்ற வசதியான குணம் வேறு இல்லை. லியோனில் சாயக்காரரும் நெசவாளரும் அவுன்சு கணக்கில் பட்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் தண்ணீரோ எண்ணெயோ ஏற்றி எடையைச் சரிக்கட்டுகிறார்கள் என்று முதலாளிகள் ஓயாமல் குற்றஞ்சாட்டினார்கள். எடையில் முதலாளிகள்தாம் ஏமாற்றுகிறார்கள் என்பது நெசவாளரின் குற்றச்சாட்டு. 1806இல் நெப்போலியன் லியோனில் ஏற்படுத்திய தொழில் வழக்கு மன்றத்தின் வேலையில் பெரும்பங்கு இப்படிப்பட்ட சண்டைகள்தாம். 1831இல் கூலி விகிதத்துக்காக அந்நகரத்து நெசவாளர் கிளர்ந்தெழுந்தது உலகறிந்த வரலாறு. பின்னாளில் சாயப்பட்டறைகள் வெள்ளீய உப்பைப் பட்டில் ஏற்றி எடையை இரட்டிப்பாக்கின. அந்தத் துணிகள் பீரோவில் மடித்து வைத்த இடத்திலேயே கிழிந்து உதிர்ந்தன.

ஈரத்துக்கு மருந்து டுரினில் கிடைத்தது. 1750இல் அங்கே ஒரு பொதுக்கூடம் திறந்தார்கள். விற்கும் பட்டை முதலில் அங்கே கொண்டுபோய், சீரான வெப்பமுள்ள அறையில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, பிறகு நிறுப்பார்கள். லியோன் 1805இல் அதைப் பின்பற்றியது. 1840களில் இன்னும் கறாரான முறை வந்தது: மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து, அடுப்பில் ஈரம் முழுவதும் போகும்வரை உலர்த்தி நிறுத்து, அந்த உலர் எடையோடு நூற்றுக்கு 11 கூட்டுவது. அந்த 11 விழுக்காடு பட்டுக்கு இயல்பாக இருக்கவேண்டிய ஈரம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். இன்றும் உலகப் பட்டு வணிகம் இந்த எண்ணில்தான் நடக்கிறது.

பிறகு ஒரு நோய் இந்த அளவையை ஆசியாவுக்குத் தள்ளியது. 1850களில் பெப்ரின் என்ற கொள்ளைநோய் ஐரோப்பியப் பட்டுப்புழுக்களை அழித்தது. லூயி பாஸ்டரைப் பிரெஞ்சு அரசு அந்த நோயை ஆராய அனுப்பியது 1865இல். அதற்குள் இத்தாலிய, பிரெஞ்சு வணிகர் நோயற்ற முட்டையும் நூலும் தேடி ஜப்பானின் யோக்கோஹாமாவில் இறங்கிவிட்டார்கள். 1859இல்தான் திறந்த துறைமுகம் அது. ஜப்பான் நூல் கைராட்டையில் இழுத்தது, ஓரிடம் தடி, ஓரிடம் மெலிசு. வாங்குபவர் டெனியர் கேட்டார்கள், ஜப்பான் கற்றுக்கொண்டது. 1872இல் தோமியோக்காவில் பிரெஞ்சுக்காரர் பால் புருனாவின் மேற்பார்வையில் அரசாங்க நூற்பாலை திறந்தது. 1896இல் யோக்கோஹாமாவிலேயே பட்டுச் சோதனைக் கூடம் வந்தது. காப்பியடித்த மாணவன் முப்பது நாற்பது ஆண்டில் ஆசிரியரைத் தாண்டிவிட்டான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தைக்கு அதிகமாகப் பட்டு அனுப்பிய நாடு ஜப்பான்.

இந்தியாவுக்குச் சீராகப் பட்டு இழுக்கும் முறையும் அதன் அளவையும் பல வாசல் வழியாக வந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி 1769இல் பியத்மோன் முறையில் பட்டு இழுக்கத் தெரிந்த ஆட்களை வங்காளத்துக்கு அனுப்பியது. அந்த வங்காளத்திலிருந்துதான் திப்பு சுல்தான் மைசூருக்குப் புழு வரவழைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாம்செட்ஜி டாடா பெங்களூரில் ஜப்பானிய வல்லுநரைக் கொண்டு பட்டுப் பண்ணை நடத்தினார். 1910களில் மைசூர் அரசு வாஷிங்டன் மாரி என்ற இத்தாலியரை வரவழைத்தது. ஆனாலும் நம் தறிகளுக்கு வந்த நூலில் பெரும்பகுதி சர்க்கா பட்டுதான், கையால் இழுத்த, கனம் நிலையில்லாத நூல். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் துணிக்குச் சீரான பட்டு தேவைப்பட்டபோது மைசூர் வட்டாரத்து நூற்பாலைகள் விரிந்தன. போர் கேட்டது ஒரே கனத்து நூல், ஏனென்றால் பாராசூட்டில் மெலிந்த இடம் ஒன்றிருந்தால் ஓர் உயிர் போகும். 1949இல் மத்தியப் பட்டு வாரியம் அமைந்தது. சோதனைக் கூடங்களும் தரச் சீட்டும் பையப் பைய நம் பக்கம் வந்து சேர்ந்தன.

நம்மிடம் அதற்குமுன் அளவையே இல்லையோ என்று நினைத்துவிடக் கூடாது. பருத்தித் துணிக்குப் புஞ்சம் என்ற கணக்கு இருந்தது. பாவின் அகலத்தில் 120 இழை ஒரு புஞ்சம், புஞ்சம் ஏற ஏறத் துணி நெருக்கம். கம்பெனி வணிகர் சோழமண்டலக் கரையில் துணி வாங்கியது இந்தக் கணக்கில்தான். பிறகு மான்செஸ்டர் நூலோடு நம்பர் வந்தது: ஒரு ராத்தலில் 840 கஜக் கழிகள் எத்தனை ஏறும் என்பதே அந்த நம்பர். இதில் எண் கூடினால் நூல் மெலியும், டெனியரிலோ எண் கூடினால் நூல் தடிக்கும். பருத்தித் தறியிலிருந்து பட்டுத் தறிக்கு மாறியவர் மனக்கணக்கைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். ஒன்று எடைக்கு எவ்வளவு நீளம் என்று கேட்கிறது, மற்றது நீளத்துக்கு எவ்வளவு எடை என்று கேட்கிறது.

20/22 என்று ஏன் இரட்டை எண்? புழு ஒரே சீராக நூல் விடுவதில்லை. கூட்டின் வெளிப்புறத்தில் இரண்டு மூன்று டெனியர் இருக்கும் இழை, உள்ளே போகப்போக மெலியும். எட்டுப் பத்துக் கூடுகளைச் சுடுநீரில் மிதக்கவிட்டு, இழைகளைச் சேர்த்து இழுக்கும்போது, ஒன்று மெலிகிறது என்று பார்த்தால் புதுக்கூடு ஒன்றின் நுனியைச் சேர்க்க வேண்டும். எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் நூல் 20க்கும் 22க்கும் நடுவே அலையத்தான் செய்யும். அளவைக்காரர்கள் அதை மறைக்காமல் சீட்டிலேயே எழுதிவிட்டார்கள். பட்டுத்தொழிலின் நேர்மையான வழக்கங்களில் இதை முதலில் வைப்பேன்.

பட்டைக் காப்பியடிக்க வந்த நூல்கள் அதன் அளவையையும் சேர்த்துக் காப்பியடித்தன. சார்டோனே என்ற பிரெஞ்சுக்காரர் 1889 பாரிஸ் கண்காட்சியில் செயற்கைப் பட்டைக் காட்டினார், கனம் டெனியரில். 1940இல் அமெரிக்கப் பெண்கள் வரிசையில் நின்று வாங்கிய நைலான் காலுறையும் டெனியரில்தான் விலை போயிற்று. ஆரணிக் கடைவீதியில் பட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கும் பாலியெஸ்டர் சேலை, பிள்ளைகளின் பள்ளிப் பை, மழைக்கோட்டு, எல்லாவற்றின் நூலுக்கும் இதே அலகுதான். பை வாங்கும்போது 600 டெனியர் என்று எழுதியிருந்தால் அதிலும் அந்த ரோமக் காசு இருக்கிறது. 1,000 மீட்டர் நூலின் கிராம் எடையைக் கொண்டு டெக்ஸ் என்ற பகுத்தறிவான அலகை 1950களில் உலகத் தர அமைப்புகள் முன்வைத்தன, 9 டெனியர் 1 டெக்ஸ். ஆய்வுக் கட்டுரைகள் அதை ஏற்றன, பட்டுச் சந்தை ஏற்கவில்லை.

மார்க்கை மறந்துவிடவில்லை. ஆரணியிலும் காஞ்சிபுரத்திலும் சரிகை கிலோ கணக்கில் விலை பேசப்படுவதில்லை. ஒரு மார்க், அரை மார்க் என்றுதான் பேச்சு. ஒரு மார்க் சரிகை 242 கிராம். பாரிஸின் பழைய மார்க் 245 கிராம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுச் சரிகை நம் நெசவூர்களுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். 1795இல் பாரிஸ் கைவிட்ட தராசிலிருந்து இரண்டு கற்கள், ஒன்று பட்டுக்கும் ஒன்று சரிகைக்குமாக, ஒரே சேலையில் சேர்ந்திருக்கின்றன.

ஆனால் அந்தத் தராசோடு பிறந்த ஒரு நியாயம் இன்னும் தறிவரை வந்து சேரவில்லை, அது என்னை உறுத்துகிறது. ஆரணியில் பெரும்பாலான நெசவாளர் கூலிக்கு நெய்கிறார்கள். முதலாளி பாவையும் ஊடைப் பட்டையும் சரிகையையும் நிறுத்துக் கொடுப்பார், நெய்த சேலையை நிறுத்து வாங்குவார். இரண்டுக்கும் நடுவே சேதாரம் எவ்வளவு என்பதில்தான் பேச்சு. பங்குனி வெயிலில் நிறுத்து வாங்கிய பட்டு ஐப்பசி மழையில் கனக்கும், மழையில் வாங்கியது வெயிலில் இளைக்கும். இளைத்தால் கணக்கில் அது நெசவாளர் தலையில் விழும் குறை. உலர் எடையில் 400 கிராம் பட்டுள்ள சேலையை எடுத்துக்கொள்வோம். காற்றின் ஈரத்தால் அதில் 8 விழுக்காடு நீர் இருந்தால் தராசு 432 காட்டும், 16 விழுக்காடு இருந்தால் 464. வித்தியாசம் 32 கிராம். அதில் ஒரு கிராம்கூட யாரும் எடுக்காத பட்டு, வெறும் காற்று கொடுத்ததும் வாங்கியதும். மூட்டை மூட்டையாக விற்கும் வணிகருக்கு டுரின் 1750இல் கொடுத்த பாதுகாப்பு, ஒரு சேலை நெய்பவருக்கு இன்னும் இல்லை. செய்யமுடியாத காரியமும் இல்லை. ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கத்திலும் ஓர் உலர்த்தும் அடுப்பும் துல்லியத் தராசும் வைத்து, கொடுக்கும் நாளிலும் வாங்கும் நாளிலும் அதே நூலிலிருந்து சில கிராம் மாதிரி எடுத்து உலர்த்திப் பார்த்தால் போதும். அந்த 400 கிராமோடு நூற்றுக்கு 11 சேர்த்து 444 என்று எழுதிவிட்டால், அந்த எண் பங்குனியிலும் ஐப்பசியிலும் 444தான்.